தண்ணி லாரி கரார் (ஒப்பந்தம்) புதுப்பிக்கப் போறாங்க, நம்ம கருத்தைக் கேக்க வைக்கறது எப்படி? கேட்டா பதில் வாங்கறது எப்படி?

வெங்கலக்கொடம் | ஜனவரி 4, ராத்திரி 9:40

வணக்கமுங்க. நான் சித்தூர் தாலுக்கா கெழக்கோரம், பார்டரை ஒட்டின ஒரு பஞ்சாயத்து. எதுன்னு சொல்லல, சொன்னா நாளைக்கு வெடியால மெம்பர் ஊட்டு வாசல்ல நிப்பாரு. எங்க அயல்கூட்டத்துக்கு, அதான் வீதிப் பொம்பளைங்க சுய உதவிக் குழுவுக்கு, நாந்தான் செக்ரட்டரி, அதனால எழுதற வேலையெல்லாம் என் தலையில.

எங்க பக்கம் மழை மறைவுப் பூமி, கேரளான்னு பேருதான், மழையெல்லாம் பாலக்காட்டோட நின்னு போயிருது. மார்ச் பொறந்தா கெணறு அடியில தெரியும், போர்ல உப்பும் புளோரைடும். பஞ்சாயத்து கொட்டேஷன் கூப்புட்டு லாரி உடுவாங்க. போன வருசம் நடந்ததைச் சொல்றேன். லாரி 6,000 லிட்டரு. எங்க வீதியில 62 ஊடு. 15 லிட்டர் கொடத்துக்குக் கணக்குப் போட்டா 400 கொடம், ஊட்டுக்கு ஆறு கொடம், மிச்சம் 28 கொடத்துக்குத்தான் சண்டையே. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரோணும், வந்தது மூணு நாளைக்கு ஒருக்கா, அதும் எந்நேரம்னு தெரியாது, ஒரு நாள் காலைல பத்து மணி, ஒரு நாள் ராத்திரி எட்டு. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க பாதி நாள் கூலியை உட்டுட்டுக் கொடத்தைக் காவல் காத்தோம்.

சீசன் முடிஞ்ச பொறவு ஜூன்ல, மழை வந்தப்பறமுங்க, ஒரு கூகுள் ஃபார்ம் வந்துச்சு. மலையாளத்துல. "குடிவெள்ள விதரணம் திருப்திகரமா?" குடிதண்ணி குடுக்கறது திருப்தியான்னு அர்த்தம். நல்லது, சுமாரு, மோசம், மூணுல ஒண்ணைத் தொடோணும். எங்க வீதியில மலையாளம் பேசத் தெரியும் எல்லாத்துக்கும், வாசிக்கத் தெரிஞ்சவங்க பத்துப் பேரு இருப்பாங்க. அப்பறம் கிராம சபையில சொல்றாங்க, கருத்து வாங்கியாச்சு, நூத்துக்கு எண்பது பேரு திருப்தின்னு. ஆரு அந்த எண்பது?

இப்ப மறுக்கா அதே கரார்காரருக்கே போகும்போல இருக்குது. இந்தத் தடவை எங்க கருத்தைக் கராருக்குள்ள எப்படிக் கொண்டு போறது? ஆராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்கோ. "கலெக்டருக்கு மனு குடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, குடுத்தாச்சு.

வாளையார்_பஸ் | ஜனவரி 4, ராத்திரி 10:02

அக்கா தப்பா நெனைக்காதீங்க, கருத்துக் கேக்கறதெல்லாம் சும்மா படம். லாரி யாருதுன்னு ஊருக்கே தெரியும். நான் தினம் கோயமுத்தூர் போயிட்டு வர்றவன், அந்த ஃபார்ம் என் போனுக்கும் வந்துச்சு, பஸ்ல நின்னுட்டே அமுக்கினேன், என்ன அமுக்கினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

வெங்கலக்கொடம் | ஜனவரி 4, ராத்திரி 10:09

அந்த எண்பதுல ஒண்ணு கெடைச்சிருச்சு 😄

ரிட்டயர்டு_ரைட்டர் | ஜனவரி 5, காலை 6:15

அம்மணி, நான் 31 வருஷம் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஃபைல் தள்ளினவன். இப்ப பொழுது போகாம இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோ.

மொதல்ல ஒண்ணு. போன தடவை உங்க கருத்து ஏன் வீணாப் போச்சுன்னா மோசமா எழுதினதுனால இல்ல, நேரம் தப்பு. டெண்டரோ கொட்டேஷனோ திறந்து ஒருத்தருக்கு உறுதி ஆன பிறகு கராருல புதுசா நிபந்தனை நுழைக்க முடியாது. நுழைச்சா கரார்காரன் "நான் போட்ட ரேட்டு பழைய நிபந்தனைக்கு"ம்பான், அவன் சொல்றது நியாயமும் கூட, ஆடிட்காரனும் பிடிப்பான். அதனால கருத்து எல்லாம் டெண்டர் நோட்டீஸ் போடறதுக்கு முன்னாடியே நிபந்தனைப் பட்டியலுக்குள்ள போயிடணும். ஜூன்ல கருத்துக் கேக்கறது தாலி கட்டி முடிஞ்சு ஜாதகம் பாக்கற மாதிரி. உங்களுக்கு மார்ச்சுல லாரின்னா கொட்டேஷன் பிப்ரவரியில. ஆக உங்களுக்கு இருக்கறது ஜனவரி மட்டும்தான்.

ரெண்டாவது, பழைய கராரோட காப்பி வாங்கு. கையில காப்பி இல்லாம பேசினா "அது கராருல இல்லையே"ன்னு ஒரே வாக்குல வாயை அடைச்சிருவாங்க. தகவல் உரிமைச் சட்டம் 2005ல 10 ரூபாய் கட்டிக் கேட்டா 30 நாளைக்குள்ள குடுக்கணும். அவ்வளவு நாள் இல்லைன்னா மெம்பரையே கேளு, கமிட்டியில வெச்ச காகிதம், அவர் கையில இருக்கும்.

மூணாவது கிராம சபை. கேரளா பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994ல கிராம சபை வார்டு வார்டா கூடறது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும், வோட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆள் வரணும், கன்வீனர் வார்டு மெம்பர். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். யாரும் படிக்காத ஒரு வரி அதே சட்டத்துல இருக்கு: கிராம சபை எடுத்த முடிவை நிறைவேத்த முடியலைன்னா, ஏன் முடியலைங்கற காரணத்தைப் பிரசிடெண்ட் கிராம சபையில சொல்லணும். சும்மா "பரிகணிக்கலாம்"னு, அதாவது பரிசீலிக்கலாம்னு, தள்ளிவிட முடியாது. என் சர்வீஸ்ல இதைக் கேட்ட ஆளை நான் ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன்.

சின்னத்தோப்பு | ஜனவரி 5, காலை 8:30

ஐயா சொல்றது கரெக்ட், ஆனா கிராம சபைக்கு யாரு வர்றா? மத்தியானம் மூணு மணிக்கு வெக்கறாங்க. கள்ளு எறக்கறவன் சாயங்காலப் பாளைக்கு ஏறப் போயிருவான், கம்பெனிக்குப் போறவன் கோயமுத்தூர்ல. வர்றது யாருன்னா ஊடு, ஆடு, கோழின்னு அபேட்சை (விண்ணப்பம்) குடுக்க வந்தவங்க, கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சுட்டுப் போயிருவாங்க. தண்ணியைப் பத்திப் பேச எந்திரிச்சா "அது அஜெண்டால இல்ல".

மூணாறு_மூடுபனி | ஜனவரி 5, மதியம் 1:12

அக்கா, நாங்க தேவிகுளம் பக்கம், எஸ்டேட் லயத்துல இருக்கோம். மொழி விஷயத்தை மட்டும் நான் சொல்றேன். அந்த ஃபார்ம மலையாளத்துல மட்டும் குடுத்ததே தப்பு. அரசியல் சாசனம் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கச் சொல்லி எந்த ஆபீசருக்கு மனு குடுத்தாலும் அந்த மாநிலத்துல வழங்குற மொழி எதுலயும் குடுக்கலாம். கேரளாவுல 1969 ஆட்சிமொழிச் சட்டம் இருக்கு, அதுல தமிழ், கன்னடச் சிறுபான்மைக்காரங்க தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல உள்ள அரசு ஆபீசுக்கும் அவங்க மொழியிலயே எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும். "பதிலும்"ங்கிறதை நல்லா அடிக்கோடு போட்டுக்கங்க. எங்க ஊர்ல எல்லாரும் தமிழ்லதான் எழுதுவாக, பதில் மலையாளத்துல வரும், அத வாசிக்க ஸ்கூல் பிள்ளையத் தேடி ஓடுவோம். நாலு வருசம் முன்னாடி ஒரு வாத்தியார் மனுவுக்குக் கீழ "பதில் தமிழில் வேண்டுகிறேன்"னு ஒரு வரி எழுதச் சொல்லிக் குடுத்தாரு. அப்பறம் தமிழ்ல வர ஆரம்பிச்சுச்சு. எப்பவும் இல்ல, பாதி தடவை.

வெங்கலக்கொடம் | ஜனவரி 5, ராத்திரி 9:55

ஐயாவுக்கும் மூணாறுத் தம்பிக்கும் ரொம்ப நன்றிங்க. கராரு காப்பி மெம்பர்கிட்ட கேட்டேன், முழிச்சாரு, அப்பறம் வாட்சப்புல அனுப்பிட்டாரு. நாலே பக்கம். படிச்சுப் பாத்தா லாரி எத்தனை மணிக்கு வரோணும்னே அதுல இல்லீங்க! "ஆவசியானுசரணம்"னு, தேவைக்குத் தக்கனன்னு, போட்டிருக்குது. ஆருக்கு ஆவசியமோ அவங்க இஷ்டம். தண்ணி எந்தக் கெணத்துல இருந்து எடுக்கோணும்னும் இல்ல. ஜிபிஎஸ் வெக்கோணும்னு இருக்குது, அதை ஆரு பாக்கோணும்னு இல்ல.

ஒரு வருசமா நாங்க கரார்காரரைத் திட்டினோம். அவரு கராருப்படிதான் நடந்திருக்காரு.

நகரித்தறி | ஜனவரி 6, காலை 11:20

நான் ஆந்திரா பார்டர், நகரி பக்கம். இங்க நூறு நாள் வேலைக்கு சோஷியல் ஆடிட்னு ஒண்ணு பண்றாங்கோ, 2006ல ஆரம்பிச்சது. அந்தச் சட்டத்துலயே 17ஆவது பிரிவு கிராம சபை தணிக்கை பண்ணணும்னு சொல்லுது, ஆந்திராதான் மொதல்ல அத நெஜமா எடுத்துச் செஞ்சது. எப்படின்னா ஆடிட்டுக்கு வர்ற பசங்க ஆபீஸ்ல மஸ்டர் ரோல், அதான் வேலைக்கு வந்தவங்க வருகைப் பதிவு, வாங்கிக்கினு வீடு வீடா போவாங்கோ. "உன் பேர்ல இத்தனை நாள் கூலி எழுதி இருக்குது, வாங்குனியா?" அவ்ளோதான் கேள்வி. "திருப்தியா"ன்னு கேக்க மாட்டாங்கோ. அப்பறம் ஊர்ல படிப்பாங்கோ, கடசியா மண்டல்ல பந்தல் போட்டு பிரஜா வேதிகான்னு கூட்டம், அங்க ஆபீசருங்க எதிர்லயே ஒவ்வொண்ணா படிச்சு அங்கயே முடிவு எழுதணும். எல்லாம் சரியா நடக்குதான்னு கேட்டா சிரிப்பேன், காசு திரும்பி வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஆனா கேள்வி கேக்குற முறை இருக்கு பாருங்கோ, அது நல்லது. அபிப்பிராயம் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வான், "லாரி செவ்வாக்கெழம வந்துச்சா இல்லியா"ன்னு கேட்டா ரெண்டே பதில்தான்.

பெங்களூர்_பாலக்காடு | ஜனவரி 6, மதியம் 2:40

இதுல நானும் ஒண்ணு சேத்துக்கறேன். பெங்களூர்ல 1994ல பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர்னு ஒரு அமைப்பு, சாமுவேல் பால் ஆரம்பிச்சது, ஸ்கூல்ல பசங்களுக்கு ரேங்க் கார்டு குடுக்கற மாதிரி தண்ணி, கரண்ட், டெலிபோன் ஆபீசுக்கெல்லாம் ஜனங்க கையால மார்க் போட வெச்சு பேப்பர்ல வெளியிட்டாங்க. மொத தடவை மார்க் படுமோசம். ஆபீசருங்க பாதிப் பேர் கண்டுக்கவே இல்ல. அவங்க விடல, 1999லயும் 2003லயும் திரும்பப் போட்டாங்க, மூணாவது தடவை மார்க் நல்லாவே ஏறியிருந்துச்சு. ஒரு தடவை கேட்டா மறந்துருவாங்க, திரும்பக் கேப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான் பயம்.

வாளையார்_பஸ் | ஜனவரி 6, மாலை 7:15

பெங்களூர்ல பேப்பர்ல வரும். நம்ம வீதிச் செய்தி எந்தப் பேப்பர்ல வரும்? சரி சரி, நான் குறுக்க வரல, எழுதுங்க.

லாரிக்காரன்_407 | ஜனவரி 7, ராத்திரி 11:48

எல்லாம் படிச்சேன். நானும் தண்ணி லாரி ஓட்டறவன்தான், அக்காவோட ஊரு இல்ல, வேற பஞ்சாயத்து. எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேட்டுக்கங்க, கருத்துக் கேக்கறதுன்னா டிரைவர்கிட்டயும் கேக்கணுமில்ல. தண்ணி புடிக்கற எடத்துல வால்வு தெறக்கறதே அஞ்சரைக்கு, எனக்கு முன்னாடி நாலு லாரி நிக்கும், கரண்ட் போனா மோட்டார் நின்னுரும், ஒரு லோடு ரொம்பறதுக்கே முக்கா மணி நேரம், இதுல ஆறு மணிக்கு எப்படி வரமுடியும்? வீதிக்குள்ள வந்தா ரெண்டு பக்கமும் பைக்கு, ரிவர்ஸ்லதான் வரணும், ஒரு தடவை சைடு மிர்ரர் போச்சு. ஓஸை எம் பக்கம் இழு உம் பக்கம் இழுன்னு பொம்பளைங்க என் சட்டையைப் புடிச்சாங்க. பில்லு? மார்ச்சுல ஓட்டின காசு ட்ரஷரில கெடந்து ஓணத்துக்கு வந்துச்சு. டீசல் பங்க்காரன் ஓணம் வரைக்கும் பொறுப்பானா? அதான் நடுவுல கல்யாண மண்டபத்துக்கு ஒரு லோடு அடிப்போம். ஆமா, அடிப்போம். அன்னிக்கு உங்க வீதிக்கு லேட்டாகும். உண்மையைச் சொல்லிட்டேன், திட்டறவங்க திட்டிக்கங்க.

வெங்கலக்கொடம் | ஜனவரி 8, காலை 5:50

அண்ணா திட்டலீங்க. ராத்திரி படிச்சுட்டுத் தூக்கமே வரல. நாங்க "சோம்பேறி டிரைவரு"ன்னே பேசிட்டிருந்தோம், வால்வு அஞ்சரைக்குத்தான் தெறக்கறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாண மண்டபம் மட்டும் மன்னிக்க முடியாதுங்க 😄

ரிட்டயர்டு_ரைட்டர் | ஜனவரி 8, காலை 6:20

இந்த லாரிக்காரத் தம்பி சொன்னதுலதான் சாவி இருக்கு. அவனுக்கு வேண்டியது பில்லு, உங்களுக்கு வேண்டியது தண்ணி. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டு. ட்ரிப் ஷீட்டுல பயனாளி கையெழுத்து ரெண்டு இருந்தாத்தான் அந்த ட்ரிப்புக்கு பில்லுன்னு ஒரு நிபந்தனை. அதுக்கு ஈடா, ட்ரிப் ஷீட் சரியா இருந்தா இத்தனை நாளைக்குள்ள பில்லை பஞ்சாயத்து செக்ரட்டரி ட்ரஷரிக்கு அனுப்பணும்னு இன்னொரு நிபந்தனை. ட்ரஷரி நம்ம கையில இல்ல, ஆபீஸ் மேஜையில தூங்கற நாளையாவது குறைக்கலாம். ஒரே ஆள் எப்பவும் கையெழுத்துப் போடக் கூடாது, அவளை சரிக்கட்டிருவாங்க, முறை மாத்தி மாத்திப் போடணும்.

இன்னொண்ணு அம்மணி, எல்லாப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துலயும் பௌராவகாச ரேகைன்னு ஒரு போர்டு இருக்கும், எந்த சேவை எத்தனை நாளுல குடுப்போம்னு. அதே பஞ்சாயத்து ராஜ் சட்டத்துல 272ஏ பிரிவு, போட்டே ஆகணும். அதுல குடிதண்ணி லாரி இருக்கான்னு போய்ப் பாரு. இருந்தா போட்டோ எடு. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேக்கறதும் ஒரு கருத்துதான்.

வெங்கலக்கொடம் | ஜனவரி 19, ராத்திரி 10:30

நாளாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கெழமை அயல்கூட்டத்துல செஞ்சதை எழுதறேன், கொஞ்சம் பெருசா வரும்.

குடும்பஸ்ரீ, இந்த அயல்கூட்டமெல்லாம் நடத்தற கேரளா அரசுத் திட்டம், வந்து இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, எங்க கூட்டத்துல இதுவரைக்கும் லோனு, சீட்டு, கோழிக்குஞ்சு தவுத்து ஒண்ணும் பேசினதில்ல. வீதியில மூணு அயல்கூட்டம், மூணையும் ஒட்டுக்கா மாரியம்மன் கோயில் திண்ணையில கூட்டினோம். 62 ஊட்டுல 54 ஊட்டுல இருந்து வந்தாங்க. எல்லாரும் பேசுங்கோன்னா ஒருத்தி வாயைத் தெறக்கல. ஏன்னா மெம்பரோட சித்தி முன் வரிசையில உக்காந்திருக்குது. பேசினா நாளைக்கு ஓஸு நம்ம ஊட்டுப் பக்கம் வராதுன்னு பயம்.

எங்க மாமியாருதான் வழி சொன்னாங்க. உள்ளாற ரூமுக்குள்ள ரெண்டு சொம்பு வெச்சு, ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை. "லாரி சொன்ன நாள்ல வந்துச்சா" – வந்துச்சுன்னா பித்தாளைச் சொம்பு, வரலைன்னா எவர்சில்வர் சொம்பு. ஒவ்வொருத்தரா போயிட்டு வரோணும், ஆரு எதுல போட்டாங்கன்னு தெரியாது. நகரி அண்ணன் சொன்ன மாதிரி திருப்தியான்னு கேக்கல, நடந்துச்சா இல்லியான்னு மட்டும் கேட்டோம். பித்தாளையில ஆறு, எவர்சில்வர்ல 48. அந்த ஆறுல மெம்பர் சித்தியும் இருப்பாங்கன்னு நெனைக்கறேன், ஆனா அதான் தெரியாதே.

நேரத்துக்கு மட்டும் சிக்கலாயிருச்சு. காலைல ஏழுக்கு முன்னாடி வேணும்னு 31 பேரு, பொழுதோட ஆறுக்கு மேல வேணும்னு 23. எல்லாத்துக்கும் வெடியாலதான் வேணும்னு நான் நெனைச்சுட்டிருந்தேன். கோயமுத்தூர் கம்பெனி வேன் அஞ்சே முக்காலுக்கு வந்துருது, அந்தப் புள்ளைங்களுக்குக் காலைல தண்ணி வந்து என்ன புண்ணியம்? கேக்காம நானே எழுதியிருந்தா 23 ஊட்டு வயித்தெரிச்சலைக் கொட்டிட்டிருந்திருப்பேன்.

அப்பறம் ஒண்ணு. ஃபார்ம்ல "குணநிலவாரம்"னு, தண்ணியோட தரம் பத்தி, ஒரு கேள்வி இருந்துச்சு, நல்லது சுமாரு மோசம்னு. அதை எங்க சொற்கள்ல கேட்டோம். ஒரு பாட்டி எந்திரிச்சு, "புதன்கெழமை வர்ற தண்ணியில பருப்பு வேகறதில்ல, சனிக்கெழமை தண்ணியில வேகுது"ன்னாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அப்ப ரெண்டும் வேற வேற கெணறு! பாலிடெக்னிக் படிக்கற பையன் ஒருத்தன் மீட்டர் கொண்டாந்து, அடியில மிச்சமிருந்த பழைய டிரம் தண்ணியை எல்லாம் பாத்தான், ஒரு டிரம்ல உப்பு 1,900க்கு மேல காட்டுச்சு. டிரம்ல எத்தனை நாள் கெடந்த தண்ணியோ, அதை ஆதாரமா வெக்க மாட்டோம்.

பெங்களூர்_பாலக்காடு | ஜனவரி 20, காலை 9:05

அக்கா, புளியங்கொட்டை சூப்பர். உப்பு விஷயத்துக்கு ஐஎஸ் 10500னு இந்தியத் தர அளவு இருக்கு, கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே கெடைக்கலைன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம். புளோரைடு 1, அதிகபட்சம் 1.5. அதனால "1,900 மோசம்"னு மட்டும் எழுதினா "2,000க்குள்ளதானே"ன்னு மடக்கிருவாங்க. "எந்தக் கெணறுன்னு கராருல பேரு எழுதணும், லேப் ரிசல்ட் ஒட்டணும்"னு எழுதுங்க.

இன்னொரு கணக்கு. ஜல் ஜீவன் மிஷன்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வெச்சிருக்காங்க. உங்க ஆறு கொடம், 90 லிட்டர், ரெண்டு நாளைக்கு, அஞ்சு பேர் இருக்கற வீட்டுல? ஆளுக்கு ஒம்போது லிட்டர். அதுவும் லாரி சொன்ன நாள்ல வந்தா.

சின்னத்தோப்பு | ஜனவரி 20, காலை 9:30

ஒம்போது லிட்டர்ல மாடு குடிக்கறது எவ்வளவு, மனுசன் குடிக்கறது எவ்வளவுன்னு எங்கூட்டு எருமையைக் கேட்டாத்தான் தெரியும்.

மூணாறு_மூடுபனி | ஜனவரி 20, மதியம் 12:50

எழுதுறப்ப "பருப்பு வேகல"ங்கிறத அப்படியே எழுதுங்கக்கா. அதைக் "குணநிலவாரம் திருப்திகரமல்ல"ன்னு திருத்திக் குடுத்துறாதீங்க. எங்க லயத்துல ஒரு தடவை "கக்கூஸ் கதவு இல்ல, பொண்ணுங்க சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறாக"ன்னு எழுதினோம், எழுதிக் குடுத்த ஆளு அத "சுகாதார வசதிக் குறைபாடு"ன்னு மாத்திட்டாரு. பதில் வந்துச்சு, "சுகாதார விழிப்புணர்வு வகுப்பு நடத்தப்படும்"னு. கதவு வரல.

வெங்கலக்கொடம் | பிப்ரவரி 2, ராத்திரி 9:15

கிராம சபை முடிஞ்சுதுங்க. நேரம் மாத்தச் சொல்லி மெம்பரை நச்சரிச்சு ஞாயித்துக்கெழமை காலைல வெச்சாங்க, கோரம், அதான் வரவேண்டிய ஆள் கணக்கு, தானா வந்துருச்சு, ஸ்கூல் வராண்டா பத்தல.

பதினொரு விஷயம், தமிழ்ல, ரெண்டு காப்பி. கடைசியில மூணாறுத் தம்பி சொன்ன அந்த வரியும். நான் வாசிச்சேன், கை நடுங்குச்சு, காகிதம் படபடன்னு ஆடினது மைக்குல கேட்டுச்சாம். செக்ரட்டரி சாரு மாத்தலாகி வந்த புது ஆளு, கண்ணூர்க்காரரு, தமிழ் சுத்தமா தெரியாது. ஓவர்சியர் மேடம் பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாரு. பருப்பு விஷயம் வந்தப்ப சிரிக்கல. "ஏது திவசம்?"னு, எந்தக் கெழமைன்னு, கேட்டாரு, புதன்னு சொன்னேன், குறிச்சுக்கிட்டாரு.

பிரசிடெண்டு வழக்கம்போல "நமக்கு பரிகணிக்கலாம்"னு முடிக்கப் பாத்தாரு. நான் எந்திரிச்சு, முடிஞ்சதை முடியும்னும், முடியாததை ஏன் முடியாதுன்னும் எழுத்துல குடுங்கோ, சட்டத்துலயே இருக்குதுன்னேன். எந்தச் சட்டம்னு கேட்டாரு. ஐயா புண்ணியத்துல சொல்லிட்டேன்.

ரிட்டயர்டு_ரைட்டர் | பிப்ரவரி 3, காலை 6:05

மினிட்ஸ் புஸ்தகத்துல ஏறிச்சா? ஏறினதைக் கண்ணால பாத்தியா? சொன்னது காத்துல போகும்.

வெங்கலக்கொடம் | பிப்ரவரி 3, காலை 6:40

பாத்தேனுங்க. போட்டோவும் எடுத்தாச்சு. அஞ்சாவதை உட்டுட்டு எழுதியிருந்தாங்க, நின்னு எழுத வெச்சுட்டுத்தான் வந்தேன்.

வெங்கலக்கொடம் | பிப்ரவரி 17, ராத்திரி 8:20

பதில் வந்துருச்சு!! ரேஷன் கடைச் செவுத்துல ஒட்டியிருக்காங்க. தமிழ்ல!! தமிழ்னா என்ன தமிழு, "தங்களுடைய அபேட்சைகள் பரிகணிக்கப்பட்டு தாழே கொடுக்கும் பிரகாரம் தீருமானிக்கப்பட்டிருக்குது". படிச்சுப் படிச்சுச் சிரிச்சோம், ஆனா புரிஞ்சுச்சு. பதினொண்ணுக்கும் நம்பர் போட்டு எதிர்ல பதில்.

ஆறு சரின்னு சொல்லிட்டாங்க: கெணத்துப் பேரு கராருல எழுதறது, ட்ரிப் ஷீட்டுல ரெண்டு கையெழுத்து முறை மாத்தி, வர்ற நாள் போர்டு, லேட்டானா முந்தின நாள் வாட்சப்பு, கராரு தமிழ்ல ஒரு காப்பி, ரேஷன் கடையில பராதி (புகார்) ரெஜிஸ்டர் வெச்சு ஏழு நாளைக்குள்ள அதுலயே பதில். மூணை மாத்திட்டாங்க. நேரம்: காலைல ஆறுக்குப் பதிலா ஆறரையில இருந்து ஏழரை, வால்வு நேரம் காரணம்னே எழுதியிருக்காங்க, சனிக்கெழமை லோடு மட்டும் பொழுதோட ஆறரைக்கு மேல. தண்ணி டெஸ்ட் வாரா வாரம் கேட்டோம், மாசம் ரெண்டுன்னு குடுத்திருக்காங்க. பில்லு விஷயம், ட்ரிப் ஷீட் குடுத்து பத்து நாளைக்குள்ள ஆபீஸ்ல இருந்து அனுப்பறோம், அதுக்கப்பறம் ட்ரஷரி பொறுப்புன்னு.

ரெண்டு முடியாது. ஒண்ணு, பெரிய லாரி கேட்டோம், "வீதி அகலம் பற்றாது, வாகனம் திரும்ப இயலாது". இன்னொண்ணு ஊட்டுக்கு எட்டு கொடம் கேட்டோம், "நடப்பு நிதி ஒதுக்கீட்டில் இயலாது, அடுத்த திட்டத்தில் வைக்க கிராமசபை மீண்டும் சிபாரிசு செய்யலாம்".

வாளையார்_பஸ் | பிப்ரவரி 17, ராத்திரி 8:45

அதானே, முக்கியமானதை முடியாதுன்னுட்டாங்க. எட்டு கொடம்தான் விஷயமே. மத்ததெல்லாம் காகிதம்.

சின்னத்தோப்பு | பிப்ரவரி 17, ராத்திரி 9:10

தம்பி, இருவது வருசமா நான் குடுத்த மனுவுக்கு ஒருக்காலும் "முடியாது"ன்னு பதில் வந்ததில்ல. "ஆகட்டும், பாக்கலாம்"னுதான் வந்துச்சு. ஆகட்டும்னு சொன்னவனை நான் எங்க போய்ப் புடிக்கறது? இப்ப காரணம் எழுதியிருக்கான், நிதி இல்லைன்னு. அடுத்த திட்டக் கிராம சபையில அந்தக் காகிதத்தையே காட்டிக் கேக்கலாமில்ல.

வாளையார்_பஸ் | பிப்ரவரி 17, ராத்திரி 9:22

காகிதத்தைக் குடிக்க முடியாதுங்க அண்ணா.

லாரிக்காரன்_407 | பிப்ரவரி 18, காலை 4:55

பத்து நாள்ல பில்லு அனுப்பறோம்னு எழுதியே குடுத்திருக்காங்களா?? அந்தக் காகிதத்தை எனக்குப் போட்டோ அனுப்புங்கக்கா, எங்க பஞ்சாயத்துல காட்டணும்.

நகரித்தறி | பிப்ரவரி 18, காலை 10:15

ரெஜிஸ்டருக்குப் பக்க நம்பர் போட்டு மொதல்லயே சீல் வெக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி பக்கம் கிழியும். அனுபவம்.

வெங்கலக்கொடம் | மார்ச் 16, ராத்திரி 9:50

லாரி ஓடுது. கரார்காரரு பழைய ஆளேதான், கொட்டேஷன்ல அவருதான் கொறைச்சல். ரேட்டு போன வருசத்தை விடக் கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்காரு, கெணறு தூரம்னு. மொத வாரம் மூணு ட்ரிப்பும் நாள் தப்பல, ஒண்ணு மட்டும் ஏழே முக்காலுக்கு வந்துச்சு. ரெண்டாம் வாரம் புதன்கெழமை வரவே இல்ல, வாட்சப்பும் இல்ல. கம்பெனிக்குப் போற புள்ள ஒண்ணு ரெஜிஸ்டர்ல எழுதிருச்சு, ஊட்டு நம்பரோட, பயப்படாம. பதில் ஏழு நாள்ல வரல. ஒம்பதாம் நாள் வந்துச்சு, பென்சில்ல, "மோட்டார் கேடு, ட்ரிப் கட், பில் குறைக்கப்பட்டது". பென்சில்ல ஏன் எழுதினாங்கன்னு கேட்டு அதுக்கும் ஒரு பராதி எழுதி வெச்சுருக்கறோம்.

புதன்கெழமைத் தண்ணியில பருப்பு வேகுதுங்க.

ரிட்டயர்டு_ரைட்டர் | மார்ச் 17, காலை 6:10

பென்சில் பராதி நல்ல பராதி. விட்டுராதே. ஒம்பதாம் நாள்ங்கறதையும் தேதியோட எழுதி வை, ஜூன்ல அடுத்த கிராம சபை வரும்.

வாளையார்_பஸ் | மார்ச் 17, மாலை 7:30

அக்கா அந்த ரெஜிஸ்டர்ல வெளியூருக்கு வேலைக்குப் போறவங்களும் எழுதலாமா? சனிக்கெழமை லோடு ஆறரைன்னாங்க, எங்க வீதிக்குப் போன வாரம் அஞ்சுக்கே வந்துட்டுப் போயிருச்சு, நான் பஸ்ல.

வெங்கலக்கொடம் | மார்ச் 17, மாலை 7:41

தாராளமா எழுதுங்க தம்பி, ரேஷன் கடை எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும். பேனாவை நூல்ல கட்டித் தொங்க உட்டிருக்கறோம். எழுதிட்டு அதைப் பாக்கெட்டுல போட்டுக்காம வாங்கோ, இது மூணாவது பேனா.